மோரிட்டாட்டுக்கு ஒரு பொய் வேர்

ஜூன் 4

தம்பிக்கு,

நலம். நீயும் நலமா இருப்பேன்னு நம்பறேன். "நம்பறேன்"னு எழுதும்போதே பேனா கொஞ்சம் நிக்குது. ஏன்னு போகப் போகச் சொல்றேன்.

போன்ல பேசலாம்னா "அக்கா, லைன் சரியில்லை"ன்னு வெச்சிடறே. உனக்கு எப்பெல்லாம் பேச்சு பிடிக்கலையோ அப்பெல்லாம் லைன் சரியில்லாம போயிடுது. அதான் கடுதாசி.

நம்ம பதிப்பகத்துக்குப் போட்டியா நடத்தறாரே, அந்த எதிர்க்கடைக்காரரோட அகராதி வந்திருச்சு. நம்ம ரெண்டாம் தொகுதி இன்னும் அச்சுல ஊறிக்கிட்டிருக்கு, அவர் நமக்கு ரெண்டு மாசம் முந்திக்கிட்டார். அதே கலைச்சொல் அகராதி, அதே மாதிரி அட்டை. மனசு கேக்காம கடையில போய் ஒரு பிரதி வாங்கி, மூணு நாளா பக்கம் பக்கமா பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு இடத்துல கண்ணு நின்னுச்சு. அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்லுவேன்.

கீழே இருக்கறதுக்கெல்லாம் நேரா பதில் எழுது. சுத்தி வளைக்காதே.

நான் தபால்ல அனுப்பற புரூஃப் கட்டை நீ எங்கே வைக்கறே? அந்த அறைக்குப் பூட்டு உண்டா? நீ வெளியே போனா வீட்டுல யார் இருக்காங்க? உன் வீட்டுக்காரி எதிர்க்கடையில புரூஃப் பாக்கறவ. அது ஊருக்கே தெரியும், நானும் தெரிஞ்சுதான் கல்யாணத்துக்கு முன்வரிசையில உக்காந்தேன். அவ ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவர்றாளா? வந்தா எந்த மேசையில உக்காந்து பாக்கறா?

சும்மா கேக்கறேன்னு நினைச்சுக்கோ.

அக்கா

*

ஜூன் 9

அக்கா,

சும்மா கேக்கறவ கேக்கற கேள்வியா இது? அடுத்த கடுதாசியில என் கைரேகையும் கேப்பியா?

சரி, எழுதறேன். எங்க வீட்டுல ஒரே ஒரு மேசைதான், நீ வந்தப்போ "இதென்ன மேசையா, கதவைக் கழட்டிப் போட்டிருக்கீங்களா"ன்னு கேட்டியே, அதே மேசை. ஜன்னல் பக்கம் அவ, சுவர் பக்கம் நான். நடுவுல ஒரு மர ஸ்கேல் படுத்திருக்கும். ஸ்கேலுக்கு அந்தப் பக்கம் எதிர்க்கடை, இந்தப் பக்கம் நம்ம கடை. கல்யாணமான முதல் வாரத்துலயே அவளே போட்ட சட்டம் இது. ஒரு தடவை என் தாள் ஒண்ணு காத்துல பறந்து அவ பக்கம் போயிடுச்சு. குப்புற விழுந்த தாளைக் குப்புறவே எடுத்துக் குடுத்தா. "நிமித்திப் பாத்தா கை அரிக்கும், திருத்தணும்னு தோணும்"னு சொன்னா. அவதான் அப்படி, உனக்குத் தெரியும். கடை போர்டைப் படிச்சாலும் கொண்டையிலிருந்து சிவப்புப் பென்சிலை உருவிடுவா. "பென்சில்"னு பேர் வெச்சதே நீதானே.

புரூஃப் கட்டு என் பக்கம், கால்கிட்ட இருக்கற தகரப் பெட்டியில இருக்கும். பூட்டு இல்லை. பூட்டணும்னு தோணலை.

இப்போ நான் ஒண்ணு கேக்கறேன். போன தொகுதிக்கு அனுப்பின மாதிரி இல்லாம, ஜனவரியில வந்த கட்டுல ஒவ்வொரு தாள் மூலையிலயும் ஒரு சின்னப் புள்ளி பென்சில்ல வெச்சிருந்தே. எதுக்கு அது? நான் எண்ணினேன். எல்லாத் தாள்லயும் இருந்துச்சு. அப்போ கேக்கலை, அக்கா ஏதோ கணக்கு வெச்சிருக்கான்னு விட்டுட்டேன். இப்போ நீ கேக்கறதைப் பாத்தா எனக்கும் கேக்கத் தோணுது.

சோடாபுட்டி

*

ஜூன் 13

தம்பிக்கு,

புள்ளியைப் பாத்துட்டியா? சோடாபுட்டிக் கண்ணாடி போட்டாலும் கண்ணு கூர்மைதான். அப்போ ஒளிக்க ஒண்ணுமில்லை, கேட்டுக்கோ.

முதல் தொகுதி வெளிவர்றதுக்கு முன்னாடியே, எதிர்க்கடைக்காரர் ஒரு விளம்பரத் தாள் போட்டார் பாரு, அதுல மாதிரிக்குன்னு முப்பது சொல் குடுத்திருந்தார். முப்பதும் நம்ம வாசனை அடிச்சுது. அன்னைக்கே முடிவு பண்ணினேன், யாரோ நம்ம வீட்டுக்குள்ளேயே இருந்து எடுத்துக் குடுக்கறாங்கன்னு. ரெண்டாம் தொகுதி புரூஃப் நாலு பேருக்குப் போகுது: நீ, தட்டச்சு அம்மா, ஓவியக் கல்லூரிப் பெரியவர், அச்சகத்து மேனேஜர். நாலு பேர் கட்டுலயும் ஒரு சொல்லுக்கு ஒரு பொய்யை எழுதி வெச்சேன். ஒவ்வொருத்தருக்கும் வேற சொல், வேற பொய். புள்ளியும் அதுக்குத்தான். உன் கட்டுக்கு ஒரு புள்ளி, தட்டச்சு அம்மாவுக்கு ரெண்டு, இப்படி. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நாலையும் நானே எடுத்துடலாம்னு திட்டம்.

நாலு பேருக்கு நாலு பொய். எதிர்க்கடை அகராதியில மூணு பொய் இல்லை. ஒண்ணு இருக்கு. உன்னோடது.

மூணு நாள் சாப்பிடலைடா நான். நீ இல்லைன்னு என் மனசு சொல்லிச்சு. நீ இல்லைன்னா அந்த மேசைக்கு ஜன்னல் பக்கம் உக்காந்திருக்கறவ. குப்புற விழுந்த தாளைக் குப்புறவே எடுத்தாளாம்! கேக்க நல்லாத்தான் இருக்கு.

எந்தச் சொல்லுன்னு சொல்லமாட்டேன். சொன்னா நீங்க ரெண்டு பேரும் உக்காந்து கதை ஜோடிப்பீங்க.

எதிர்க்கடைக்காரருக்கு எழுதிட்டேன். உன் வீட்டுக்காரி வழியா நம்ம புரூஃப் அவர்கிட்ட போயிருக்கு, வழக்குப் போடுவோம்னு. பதிப்பாளர் சங்கத்துல இருக்கற பதினோரு அச்சகத்துக்கும் ஒரு சுற்றறிக்கை போயிருக்கு, அவ பேர் போட்டு. என்னைத் திட்டு. ஆனா ஏழு வருஷ வேலை அது.

அக்கா

*

ஜூன் 20

போன புதன்கிழமை காலை பதினோரு மணிக்கே வந்துட்டா. கையில ஒரு துணிப்பை. அதுல அவ டம்ளர், நாற்காலிக்குப் போடற சின்ன மெத்தை, ரப்பர் பேண்ட் போட்ட பென்சில் கட்டு. "என்ன, அரை நாள் லீவா?"ன்னு கேட்டேன். நான் ஒரு மடையன்.

முதலாளி விசாரிக்கவே இல்லையாம். "வழக்குன்னு வந்தா என்னால அலைய முடியாதும்மா"ன்னாராம். பதினாலு வருஷம் வேலை பாத்தவளுக்கு ஒரு வாக்கியம்.

மறுநாள் ரெண்டு அச்சகத்துக்குப் போனா. உன் சுற்றறிக்கை ரெண்டு இடத்துலயும் மேசைக் கண்ணாடிக்கு அடியில இருந்துச்சாம். ஒருத்தர் அதை அவளுக்கே படிச்சுக் காட்டியிருக்கார். மூணாவது இடத்துக்குப் போகலை.

பென்சில் கட்டைப் பரண்மேல போட்டுட்டா. நேத்து பேப்பர்ல தலைப்புலயே தப்பு இருந்துச்சு, காட்டினேன். "இருந்துட்டுப் போகட்டும்"ன்னா. அந்தக் குரல் எனக்குப் பயமா இருக்கு.

எந்தச் சொல்? எந்த வரி? அதை மட்டும் எழுது.

*

ஜூன் 24

தம்பிக்கு,

வேலை போகும்னு நான் நினைக்கலை. கூப்பிட்டுக் கேப்பார், அவ ஒத்துக்குவா, அதோட முடியும்னு நினைச்சேன். அதுக்காக நடந்தது நடக்கலைன்னு ஆயிடாது.

சொல்லு: மோரிட்டாட்.

நீ எழுதிக் குடுத்த சொல் அட்டைதான். ஜெர்மன்காரன் தெருவுல பெஞ்சுமேல ஏறி நின்னுக்கிட்டு, படம் வரைஞ்ச பலகையைக் குச்சியால காட்டிக் காட்டி, எந்த ஊர்ல யார் யாரை வெட்டினான்னு பாடற பாட்டு. நாம கொலைச்சிந்துன்னு சொல்ற அதே சரக்கு. நீ எழுதின சொற்பிறப்பு: "கொலைச்செயல்னு பொருள்படற மோர்ட்டாட், பாடிப் பாடி இழுத்ததுல மோரிட்டாட் ஆச்சு." நல்ல அட்டை. பாராட்டினேன்கூட.

அதை எடுத்துட்டு, உன் புரூஃப்ல மட்டும் நான் போட்டது: "லத்தீன் மொழியில ஒழுக்கத்தைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது, பாட்டு முடியும்போது நீதி சொல்றதால இந்தப் பேர்." முழுக்க என் சொந்தச் சரக்கு. சாப்பாட்டு மேசையில உக்காந்து அஞ்சு நிமிஷத்துல கட்டினேன். எனக்கு ஜெர்மனும் தெரியாது லத்தீனும் தெரியாது, ஆனா பொய் சொல்ல அது போதும். என் தலைக்குள்ள தவிர உலகத்துல எங்கேயும் இல்லாத வரி அது. இப்போ எதிர்க்கடை அகராதி முந்நூத்திப் பதினேழாம் பக்கத்துல இருக்கு, நீதியோட சேத்து.

இன்னொண்ணு. உன் புரூஃப் பிப்ரவரி கடைசியில திரும்பி வந்தப்போ, அந்த வரிக்குப் பக்கத்துல நீ டிக் போட்டிருந்தே. உன் அட்டையையே நான் மாத்தியிருக்கேன், நீ ஒரு வார்த்தை கேக்கலை. டிக்! மத்த மூணு பேரும் "இது தப்பாச்சே"ன்னு சுழிச்சு அனுப்பினாங்க. ஒண்ணு நீ படிக்காமலே டிக் போடறே, இல்லை உனக்கு விஷயம் தெரியும். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு.

அதுவரைக்கும் ரெண்டாம் தொகுதி முதல் பக்கத்துல உன் பேர் வராது. பதிப்பகத்து மேலிடத்துக்குச் சொல்லிட்டேன்.

அவ சாப்பிடறாளா?

அக்கா

*

ஜூலை 2

அக்கா,

ரெண்டும் இல்லை. மூணாவது ஒண்ணு இருக்கு, அது உனக்குத் தோணவே தோணாது.

இதோட ஒரு ஜெராக்ஸ் வெச்சிருக்கேன். எங்க ஊர் நூலகத்துல, மாடியில, முதுகுத்தோல் கிழிஞ்ச ஒரு பழைய ஜெர்மன் சொற்பிறப்பு அகராதி. அடிக்கோடு போட்ட இடத்தைப் பாரு. உனக்காக மொழிபெயர்த்து எழுதறேன்: "மோரிட்டாட்: கொலைச்செயல் என்ற சொல்லின் திரிபு என்பதே பெரும்பாலோர் கருத்து. ஒழுக்கம் குறித்த லத்தீன் சொல்வழி வந்தது, இறுதியில் நீதி கூறுவதால், என்பாரும் உளர்." அதுக்குக் கீழே மூணாவது கட்சியும் இருக்கு, பயத்தைக் குறிக்கற சொல்லிலிருந்து வந்துச்சாம். கொலை, ஒழுக்கம், பயம். நம்ம குடும்பத்துக்கு மூணும் பொருந்துது.

புரியுதா? உன் சாப்பாட்டு மேசைக்கு ரொம்ப முன்னாடியே யாரோ ஒரு ஜெர்மன்காரர் உன் பொய்யை உண்மைன்னு நம்பிட்டுப் போயிருக்கார். எதிர்க்கடையில ஜெர்மன் சொல்லெல்லாம் பாக்கறவரும் இதே நூலகத்துக்குத்தான் வர்றார். அவர் பெரும்பாலோரை விட்டுட்டு "என்பாரும் உளர்" பக்கம் சாய்ஞ்சிருக்கார். அது அவர் தலையெழுத்து.

இப்போ டிக். ஜனவரியில உன் புரூஃப்ல அந்த வரியைப் பாத்ததும் தூக்கிவாரிப் போட்டுச்சு. என் அட்டையை மாத்திட்டாளேன்னு கோவம்கூட வந்துச்சு. ஆனா ஆதாரம் இல்லாம நீ ஒரு வரி எழுதமாட்டே. சந்தேகமான வேர்னா நம்ம அகராதியில முன்னாடி ஒரு கேள்விக்குறி போடணும்னு வழக்கம் வெச்சவளே நீதான். "கேள்விக்குறி போட்டா பொய்னு அர்த்தமில்லைடா, ஆதாரம் இன்னும் சிக்கலை, தேடிக்கிட்டிருக்கோம்னு அர்த்தம்"னு எத்தனை தடவை சொல்லியிருப்பே. அந்தக் கேள்விக்குறிகூட இல்லாம எழுதியிருக்கான்னா எங்கேயோ பாத்திருக்கான்னு நினைச்சேன். மூணு நாள் நூலகத்துல உக்காந்து தேடினேன். கிடைச்சுது. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு டிக் போட்டேன். அதான் மூணாவது. உன்னை நம்பினேன்.

ஒரு சொல்லுக்கு முன்னாடி கேள்விக்குறி போடலாமா வேண்டாமான்னு மூணு மாசம் யோசிப்பே. என் பொண்டாட்டி பேருக்கு முன்னாடி அதுகூடப் போடலையே நீ. நேரா எழுதி பதினோரு இடத்துக்கு அனுப்பிட்டே.

என் பேரை முதல் பக்கத்துல போடு, போடாம போ. அவ பேரைத் திருப்பிக் குடு. அது மட்டும்தான் எனக்கு வேணும். அது முடியாதுன்னா இனிமே கடுதாசி போடாதே.

*

ஜூலை 10

தம்பிக்கு,

உண்மையைச் சொல்லிடறேன், நீ கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை. ஜெராக்ஸைப் பாத்ததும் எனக்கு முதல்ல வந்த நினைப்பு, "இதை எங்கே ஜோடிச்சான்?" ஓரத்துல ஒரு கறுப்புக் கோடு இருந்துச்சு, ரெண்டு தாளை ஒட்டி எடுத்த மாதிரி. அதைப் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தேன். புஸ்தகத்தோட மடிப்பு அது. அப்புறம் உன் மொழிபெயர்ப்பு சரிதானான்னு சந்தேகம். யாரைக் கேக்கறது? எனக்குத் தெரிஞ்சவங்கள்ல ஜெர்மன் படிக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். அப்போதான் உறைச்சுது. தெரியாத மொழியில பொய் கட்டினேன், அது பொய்தானான்னு எனக்குச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆளைத்தான் சந்தேகப்பட்டேன். முட்டாள்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாம்?

இருந்தாலும் விடலை. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி உங்க ஊருக்கே வந்தேன். ஆமா, வந்தேன். நூலக மாடிக்குப் போய் அந்தப் புஸ்தகத்தைக் கேட்டு வாங்கினேன். அங்கே வயலின் சொல்லிக்குடுக்கற அம்மா ஒருத்தங்க உக்காந்திருந்தாங்க, ஜெர்மனியில படிச்சவங்களாம். வெக்கத்தை விட்டுப் போய், இதைப் படிச்சுச் சொல்லுங்கன்னேன். "என்பாரும் உளர்" வரைக்கும் உன் மொழிபெயர்ப்புதான், ஒரு சொல் மாறலை.

புஸ்தகத்தை இரவல் எடுத்தவங்க கையெழுத்துப் போடற தாள் பின்னட்டையில ஒட்டியிருந்துச்சு. கடைசிக் கையெழுத்து உன்னோடது, பிப்ரவரி 11. அதுக்கு மேலே எதிர்க்கடையில ஜெர்மன் பாக்கறவரோட கையெழுத்து, போன வருஷம் மார்ச். நான் அந்தப் பொய்யைக் கட்டினதே இந்த ஜனவரியில. அவர் எழுதினதுக்கும் உங்க மேசைக்கும் சம்பந்தமே இல்லை. அங்கேயே நாற்காலியில உக்காந்துட்டேன். வயலின் அம்மா தண்ணி குடுத்தாங்க.

அந்த முப்பது சொல்லும் அப்படித்தான் இருந்திருக்கும், ரெண்டு பேரும் ஒரே கிணத்துல தண்ணி எடுத்தா ஒரே ருசிதானே இருக்கும். இது புரிய எனக்கு இத்தனை நாள் ஆச்சு.

உங்க தெருமுனை வரைக்கும் வந்தேன். உங்க ஜன்னல் தெரிஞ்சுது. அவ உக்காந்திருந்தா, முன்னாடி மேசையில ஒண்ணுமே இல்லை. திரும்பிட்டேன். என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றது?

எதிர்க்கடைக்காரரைப் பாத்துப் பேசிட்டுத்தான் பஸ் ஏறினேன். முகத்துக்கு நேரா என் தப்புன்னு சொன்னேன். "யோசிக்கலாம்"னார். அது போதாது. மறுப்புச் சுற்றறிக்கை தயார் பண்ணியிருக்கேன், அதே பதினோரு இடத்துக்கும். புரூஃப் இதோட இருக்கு. அவ பாத்து டிக் போட்டாத்தான் அனுப்புவேன். போடச் சொல்லு.

அக்கா

*

ஜூலை 15

அக்கா,

உன் புரூஃபை மேசைமேல அவ பக்கம் வெச்சேன், ஸ்கேலுக்கு அந்தப் பக்கம். சமையலறைக்குப் போய்ட்டு வந்து பாத்தா, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பரண்மேல கையை விட்டுக்கிட்டிருக்கா. பென்சில் கட்டு இறங்கி வந்துச்சு.

ரெண்டு வரி முழுசா அடிச்சுட்டா. "தவிர்க்க முடியாத சூழ்நிலையில்" என்கிறதை அடிச்சா. "பதிப்பகம் வருந்துகிறது"ங்கற இடத்துல ஓரத்துல எழுதியிருக்கா பாரு: "பதிப்பகமா சந்தேகப்பட்டுச்சு?"

அவ்வளவுதான். திருப்பி அனுப்பறேன். திருத்தி அனுப்பு.

*

ஜூலை 19

தம்பி,

சரியா பிடிச்சா. ஒளிஞ்சுக்க இடம் தேடினேன், அதையும் கண்டுபிடிச்சு அடிச்சுட்டா.

புதுசா எழுதியிருக்கேன். "நான்"னு ஆரம்பிக்குது. நாலு பேர் புரூஃப்ல நானே பொய் எழுதி வெச்சது, அதுல ஒண்ணு பொய்யே இல்லைன்னு தெரியாம ஒருத்தியைத் திருடின்னு சொன்னது, ரெண்டையும் போட்டிருக்கேன். அவ முழுப் பேர் போட்டிருக்கேன். இந்தத் தொழில்ல நான் பாத்ததுலேயே நேர்மையான புரூஃப் ரீடர்னு எழுதியிருக்கேன், அது சமாதானத்துக்காக எழுதினது இல்லை. கடைசியில மன்னிப்பும் கேட்டிருக்கேன்.

மேலிடத்துல படிச்சுக் காட்டினேன். "அம்மா, இது வெளியே போனா நம்ம அகராதியில எந்த வரியை யார் நம்புவாங்க?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். முதல் பக்கத்துல என் பேரை எடுத்துடலாம்னு முடிவாச்சு. உன் பேர் இருக்கும். ஏழு வருஷம்.

டிக் வந்ததும் அனுப்பிடுவேன்.

அக்கா

*

ஜூலை 24

அக்கா,

மூணு நாள் வெச்சிருந்தா. முந்தாநாள் எதிர்க்கடையிலிருந்து ஆள் வந்துச்சு, திங்கக்கிழமை வரச் சொன்னாங்களாம். "அங்கே போறதா வேண்டாமான்னு நானே யோசிச்சுக்கிறேன்"னு சொல்லி அனுப்பிட்டா. ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்தப் பழைய திமிரைப் பாத்தேன், எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

இன்னைக்குக் காலையில புரூஃப் என் பக்கம் வந்துச்சு. குப்புற வெச்சிருந்தா. வரிக்கு வரி டிக் போட்டிருக்கா. அவ பேருக்கு டிக், நூலகத்துத் தேதிக்கு டிக், "நான்" வர்ற ஒவ்வொரு இடத்துக்கும் டிக். நீ அனுப்பிடலாம்.

கடைசி வரியில மட்டும் டிக் இல்லை. "மன்னிப்பு"ங்கற சொல்லுக்கு முன்னாடி ஒரு கேள்விக்குறி போட்டிருக்கா. என்னடி இதுன்னு கேட்டேன். "உங்கக்காவுக்குத் தெரியும்"னு சொன்னா.

அதுக்கு என்ன அர்த்தம்னு எத்தனை தடவை எனக்குச் சொல்லியிருக்கே நீ. ஆதாரம் இன்னும் சிக்கலை, தேடிக்கிட்டிருக்கோம்.

சோடாபுட்டி